கஞ்சி வடியாத குக்கர்

"நல்ல சாமான்னா அந்த மனுசன் எதுக்கு விக்காரு?"

குக்கர் எங்கள் வீட்டு நடைக்குள் வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். என் வீட்டுக்காரர் அதைக் கோணிச்சாக்கில் சுற்றி, ஜட்கா வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கப்பல் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ஒரு மதராஸ்காரருக்கு மாற்றலாகிவிட்டதாம். கட்டில், மேசை எல்லாம் விற்றவர் இதையும் விற்றாராம். என் வீட்டுக்காரர் கருப்பட்டி மண்டி வைத்திருக்கிறார். ஒரு சிப்பம் கருப்பட்டி வாங்குவதென்றால் உடைத்துப் பார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். ஆனால் கோட்டுப் போட்டவர் யாராவது சொல்லிவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவார்.

"மெட்ராசுக்கு இதையெல்லாம் தூக்கிட்டுப் போவ முடியாதுளா" என்றார்.

"ஏன், மெட்ராசுல சோறு திங்க மாட்டாவளா?"

நான் இப்படித்தான். சந்தேகம் என் கூடவே பிறந்தது. ரேஷன் கடைக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் தட்டைப் பார்க்காது, அவருடைய சுண்டுவிரலைப் பார்க்கும். பால்காரி வந்தால் ஒரு சொட்டு எடுத்து நகத்தில் விட்டு, வழிகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் செம்பை நீட்டுவேன். அப்படி இருக்காதவள் அந்த நாளில் குடும்பம் நடத்த முடியாது. யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். அரிசி வரக் காணோம். ரங்கூன் அரிசிக் கப்பல் நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது. கார்டில் தலைக்கு இவ்வளவு என்று எழுதிப் போடுகிற அரிசியிலும் பாதி கல், மீதி புழுங்கிய வாடை. திங்கட்கிழமை வாங்கினால் சனிக்கிழமையே பானையின் அடி தட்டும். ஞாயிற்றுக்கிழமை கேப்பைக் களிதான். பிள்ளைகள் மூன்றும் களியைப் பார்த்து முகத்தைச் சுளிக்கும்.

சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பித்தளைக் குடுவை. அடியில் கரிக்கங்கு போட ஒரு தட்டு. குடுவைக்குள் டிபன் கேரியர் மாதிரி நாலு கிண்ணம் அடுக்கு. அடுக்கைச் சேர்த்துப் பிடிக்க ஒரு கம்பி, கம்பியின் தலையில் திருகி இறுக்குகிற ஒரு பித்தளை மரை. கீழ்க் கிண்ணத்தில் அரிசியும் அளந்த தண்ணீரும், அதற்கு மேலே பருப்பு, அதற்கு மேலே காய். குடுவையில் தண்ணீர் ஊற்றி, அடுக்கை இறக்கி, மூடியைப் போட்டு, கங்கைத் தட்டில் தள்ளிவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் வெந்துவிடும் என்றார் இவர். கிண்டவும் வேண்டாம், கிளறவும் வேண்டாம், பக்கத்தில் இருக்கவும் வேண்டாமாம்.

பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சோறு என்றால் பொங்க வேண்டும், கரண்டியில் நாலு பருக்கை எடுத்து விரலால் நசுக்கிப் பதம் பார்க்க வேண்டும், பானையைச் சரித்துக் கஞ்சியை வடிக்க வேண்டும். இதில் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முதல் நாள் நான் அதன் முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரமும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிக்கும் என்று பயந்து பிள்ளைகளை வாசலுக்கு விரட்டிவிட்டேன். அது வெடிக்கவில்லை. மெதுவாக முனகியது, அவ்வளவுதான்.

மூடியைத் திறந்ததும் எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அந்த நாற்ற அரிசியா இது? பருக்கை பருக்கையாக, நிறைய, கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும் உப்பி நின்றது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரிசிப் பானைக்குள் கையை விட்டேன். அரிசி இருந்தது! யோசித்துப் பார்த்தால் காரணம் லேசானதுதான். பானையில் வடித்தால் அரிசியின் சத்தெல்லாம் கஞ்சியோடு போய்விடும். அதிலும் ரேஷன் அரிசி கரைந்து, பாதி கஞ்சிக்குள்தான் கிடக்கும். குக்கரில் கஞ்சி வடியாது. அரிசியில் இருப்பது அரிசியிலேயே இருந்துவிடும்.

அன்றிலிருந்து நான் குக்கர் கட்சிக்கு மாறிவிட்டேன். மாறினால் அரைகுறையாக மாறுவது என் வழக்கமில்லை. தெருக்குழாயில் நல்ல தண்ணீருக்கு நிற்கிறபோதெல்லாம் குக்கர் பேச்சுத்தான். கேட்டவர்களுக்குக் காது புளித்திருக்கும்.

கஞ்சி வடியாது என்றேன் அல்லவா? சீனித்தாய் பேச்சு வருவது அதனால்தான்.

சீனித்தாய் எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் இருந்தாள். எங்கள் ஆட்கள்தான், என்னைவிடப் பத்து வயசு இளையவள், என்னை மைனி என்று கூப்பிடுவாள். அவள் புருஷன் அய்யாக்குட்டி ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அங்கே இருந்தவர்கள் காட்டுவழியாக நடந்து வந்து சேர்ந்தார்கள். இவன் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் ஆட்களில் பெரியவர்கள் நாலு பேர் கூடி அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பிள்ளைகளை அநாதை மடத்தில் விட்டுவிடு, அங்கே சோறாவது கிடைக்கும் என்றார்கள்.

அன்று நானும் அங்கே இருந்தேன். சீனித்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "எங்கிட்டப் பசு இருக்கு. பால வித்து எம்பிள்ளைகள நான் வளப்பேன். ஒருத்தர்ட்டயும் கைநீட்ட மாட்டேன்" என்றாள். "அந்தப் பசு இருக்க மட்டும் சரி, அப்புறம் நாங்க சொன்னபடிதான்" என்று பெரியவர்கள் எழுந்து போனார்கள். அதனால் அந்தப் பசு இருந்தால்தான் அவளுக்குப் பிள்ளைகள். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

தினமும் காலை பத்து மணிக்குச் சட்டியோடு வருவாள். "மைனி, கஞ்சி" என்று பின்வாசலில் நிற்பாள். நான் வடிகஞ்சியை ஊற்றுவேன். பதிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் முற்றம் மெழுகச் சாணி கொண்டுவருவாள். மாட்டுக்குக் கஞ்சி கேட்பதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. கொடுக்கிறவளுக்குப் புண்ணியம், வாங்குகிறவளுக்குக் குறைச்சல் இல்லை. முன்னெல்லாம் தெருவில் எல்லா வீட்டிலும் ஊற்றுவார்கள். ரேஷன் வந்த பிறகு மற்ற வீடுகளில் கஞ்சியை அவரவரே உப்புப் போட்டுக் குடித்துவிட்டார்கள். மாட்டுக்கென்று ஊற்றுகிற வீடு எங்கள் வீடு ஒன்றுதான்.

கொஞ்ச நாளாகவே எனக்கு அவள் மேல் ஒரு கண். முதலில், பால் விற்பதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "பசு வத்திட்டு மைனி. எங்க அண்ணன் ஊர்ல மேய விட்டிருக்கேன். கன்னு மட்டும்தான் இங்கன நிக்கி" என்றாள். தாயை விட்டுவிட்டுக் கன்று இங்கே என்ன செய்கிறது? அடுத்தது, கஞ்சியோடு கழுநீரையும் சேர்த்து ஊற்றினால் எந்த மாடும் குடிக்கும். இவளோ, "கழுநீர் வேண்டாம் மைனி, கன்னு சேத்துக் குடிக்க மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டாள். அதோடு விட்டாளா? "உப்பு ஒரு கை போட்டுக் கலக்கித் தாங்க, அதுக்கு உப்புன்னா இஷ்டம்" என்றாள். மூன்றாவது, சாணி. வெள்ளிக்கிழமை கொண்டுவருகிற சாணியில் பருத்திக்கொட்டைத் தொலியும் தெருமண்ணும் கிடந்தது. அது உப்பு வண்டி இழுக்கிற காளை போட்ட சாணி. வீட்டுக் கன்றுச் சாணிக்கும் வண்டிமாட்டுச் சாணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?

மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். துறைமுகத்துப் பக்கம் கப்பல்காரர்களின் வெள்ளை உடுப்பு வெளுக்கிற சலவைக்கூடம் இருக்கிறது. உடுப்புக்கு விறைப்புக் கொடுக்கக் கஞ்சி வேண்டும். பஞ்சகாலத்தில் கஞ்சிக்கு எங்கே போவார்கள்? சரிதான், இவள் என்னிடம் ஓசியில் வாங்கி அங்கே கொண்டு போய் விற்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். கழுநீர் சேர்ந்தால் துணியில் கறை பிடிக்கும், அதனால்தான் தனியாகக் கேட்கிறாள். உப்பு எதற்கு என்பதற்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குக்கர் வந்த மறுநாள் அவள் சட்டியோடு வந்து நின்றபோது, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது.

"இனிமே கஞ்சி கிடையாதுளா. இதுல வடியாது" என்று குக்கரைக் காட்டினேன்.

அவள் குக்கரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "எப்பவுமேவா மைனி?"

"எப்பவுமேதான்."

"நாள் கிழமைக்காவது பானையில வடிப்பீயளா?"

"உன் கன்னுக்காவ நான் பானையத் தூக்கணுமா? வேற வீடு பாரு."

போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். "இன்னைக்கும் குக்கர்தானா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். பிறகு குழாயடியில், "கஞ்சி வடிக்காத சோறு ஒடம்புக்கு ஆவாது. வயித்துல வாயு கட்டிக்கிடும். பிள்ளைகளுக்குக் குடுக்கவே கூடாது" என்று இசக்கியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ.

"ஏளா சீனித்தாய்! என் வீட்டுச் சோத்துக்கு வைத்தியம் பாக்க வந்துட்டியோ? ஓசிக் கஞ்சி நின்னு போச்சுன்னு வயித்தெரிச்சல். கன்னுக்கா கேக்க நீ? எந்தக் கன்னுக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

சீனித்தாயின் முகம் வெளுத்துவிட்டது. பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, அடுக்கை இறக்கப் போகிறபோது பார்த்தால் கம்பியின் தலையில் மரையைக் காணோம். அடுப்பங்கரை முழுக்கத் தேடினேன். பிள்ளைகளை உருட்டி மிரட்டிப் பார்த்தேன். மரை இல்லாமல் அப்படியே இறக்கி வைத்தேன். கிண்ணங்கள் இறுக்கம் இல்லாமல் நழுவி, வெளித்தண்ணீர் உள்ளே புகுந்து, சோறும் பருப்பும் காயும் ஒரே கூழாகிவிட்டது.

அன்று காலை யார் வந்தது? சீனித்தாய். கஞ்சி இல்லை என்றான பிறகும் அவள் வெள்ளிக்கிழமைச் சாணியை நிறுத்தவில்லை. குழாயடியில் அவ்வளவு பேச்சு வாங்கிய பிறகும் கொண்டுவந்து வைத்தாள். பின்வாசலில் நின்றாள். குக்கருக்கும் அவளுக்கும் நாலடி தூரம்தான். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. குக்கர் கெட்டால் நான் பானைக்குத் திரும்புவேன், பானைக்குத் திரும்பினால் கஞ்சி வடியும்.

அவள் சீமைக்கு மருந்துக்காகக் கப்பல் ஏற்றுகிற நிலாவாரை இலைக் கோடவுனில், பழுத்த இலையைப் பொறுக்கிக் கழிக்கிற வேலைக்குப் போகிறவள். மத்தியானம் வீட்டில் இருக்க மாட்டாள். அதுவே நல்லது என்று கிளம்பினேன். அவள் இல்லாத வீட்டில் புகுந்து தேடுவது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. மரையை எடுத்துக்கொண்டு வந்து, சாயந்திரம் குழாயடியில் எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும் என்றுதான் போனேன்.

முதலில் தொழுவத்தைப் பார்த்தேன். முளைக்குச்சி இருந்தது. அதில் பழைய கயிறு சுற்றிக் கிடந்தது. தண்ணித்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மாடு கட்டுகிற இடம் என்றால் ஈ மொய்க்கும். அங்கே ஈ கூட இல்லை. மூலையில் ஒரு பனையோலைக் கடகப் பெட்டி, அதற்கு மேலே நனைத்த சாக்கு. தூக்கிப் பார்த்தேன். தெருவில் பொறுக்கிய வண்டிமாட்டுச் சாணி.

வீட்டுக்குள் போனேன். மூத்தவள் செல்லக்கனிக்கு எட்டு வயசு இருக்கும். ஒரே ஒரு அவித்த பனங்கிழங்கை நார் உரித்து, இரண்டாக முறித்து, எது பெரிய துண்டு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நுழைந்ததும் சின்னவளின் பார்வை என் முகத்துக்கு வரவில்லை. நேரே என் கைக்கு வந்தது.

"அத்தை கஞ்சி கொண்டாந்தியளா?"

"பசு எங்கட்டி?" என்றேன் நான்.

"மாமா ஊர்ல மேயுது" என்றாள் மூத்தவள், பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி.

"கன்னு?"

"அதுவும்… மேயுது."

"பசுவையுங் கன்னையுந்தான் வித்தாச்சே" என்றாள் சின்னவள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்பவே வித்தாச்சே." மூத்தவள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. "இப்ப ஏன் அத்தை உங்க வீட்ல கஞ்சி தர மாட்டேங்கிய? குக்கர்ங்கது எல்லாத்தையும் குடிச்சிருதாம், அம்ம சொன்னா. நாங்க உப்புப் போட்ட கஞ்சிதான் குடிப்போம். கொஞ்சம்போலக் குடுத்தாக்கூடப் போதும்."

உப்பு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

செல்லக்கனி எழுந்து வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, யார்ட்டயும் சொல்லிராதீய. பசு இல்லன்னு தெரிஞ்சா எங்கள மடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ. நீங்க வந்தீயன்னு அம்மட்டயும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீய." எட்டு வயசுப் பிள்ளை என்னிடம் பேரம் பேசியது. "சொல்ல மாட்டேன்ட்டி" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கூழான கிண்ணங்களைத் தேய்க்க உட்கார்ந்தேன். பாத்திரம் தேய்க்கிற சாம்பல் டப்பாவில் தேங்காய் நாரை விட்டுத் துழாவினேன். விரலில் ஏதோ இடித்தது. மரை! முந்தின நாள் அதைக் கழற்றிக் கரித்தட்டின் ஓரத்தில் வைத்தது நான்தான். சாம்பலோடு சேர்த்து டப்பாவில் தட்டியதும் நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. என் மூஞ்சியில் நானே காறித் துப்பலாமா என்று வந்தது. பிள்ளைகளுக்குக் கஞ்சி கேட்டு வந்தவளை எந்தக் கன்று என்று எல்லோர் முன்னாலும் கேட்ட வாய்தானே இது!

ஒரு படி அரிசியைக் கொண்டு போய்க் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சீனித்தாய் வாங்க மாட்டாள். கன்றுக்கு என்றால் சட்டியை நீட்டுவாள், பிள்ளைகளுக்கு என்றால் கதவைச் சாத்துவாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்த நிமிஷமே, நாளைக்குப் பெரியவர்கள் காதுக்குப் போய்விடும் என்று நடுங்கிப் போவாள். என் வாயைப் பற்றி அவளுக்கு நல்ல எண்ணம் இருக்க நியாயம் இல்லை.

மரையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். திருகி மாட்டினால் நாளைக்கே குக்கர் ஓடும். ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகள் சோறு தின்னும். எழுந்து போய், யாரும் குடிக்காத எங்கள் உப்புக் கிணற்றுக்குள் போட்டேன்.

சாயந்திரம் குழாயடிக்குப் போனேன். சீனித்தாய் என்னைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கினாள். நான் இசக்கியம்மாளிடம் உரக்கச் சொன்னேன். "அந்தப் பாழாப்போன குக்கரத் தூக்கிப் போட்டாச்சு. சீனித்தாய் சொன்னது சரிதான். பிள்ளைகளுக்கு வயிறு உப்பிப் போச்சு."

இசக்கியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அட, இவளா சொல்லுதா!" என்று சிரித்தாள். மற்ற பெண்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

சீனித்தாய் சிரிக்கவில்லை. சந்தேகமாகத்தான் பார்த்தாள். "அப்ப, நாளைக்குப் பானையா மைனி?"

கொஞ்சம் நயமாகப் பேசியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். "பின்ன, குக்கரக் கட்டிக்கிட்டா அழச் சொல்லுத? கஞ்சி வேணும்னா பத்து மணிக்கு வா. பிந்தி வந்தா சாக்கடையில ஊத்திருவேன். சாணியும் ஒழுங்கா வரணும்" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் தெளிந்தது. அதே பழைய செண்பகம்தான் நான் என்று நம்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து பானை ஏறியது. என் கை தாராளமாகச் சரிந்தது. கஞ்சி என்று சொன்னாலும் சட்டியின் அடியில் நாலு பிடி சோறு கிடக்கும். உப்பை அள்ளிப் போட்டுக் கலக்குவேன். "இந்தா, உன் கன்னுக்கு" என்று வள்ளென்று விழுந்துகொண்டே ஊற்றுவேன். வெள்ளிக்கிழமை சாணி வந்தது. தொலியும் மண்ணும் கலந்த வண்டிமாட்டுச் சாணி. "நல்ல சாணி" என்று சொல்லி வாங்கி வைத்தேன்.

வீட்டுக்குள்தான் சங்கடம். மரை காணாமல் போனதும் இவர் கம்பியைத் துறைமுகத்துப் பட்டறைக்குக் கொண்டு போனார். அது சீமை மரையாம், இங்கே உள்ளது எதுவும் சேராதாம். மதராஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறேன் என்று ஒரு கடுதாசி எழுதி, தபால்காரரிடம் கொடு என்று என்னிடம் கொடுத்தார். நான் அடுப்பிடம் கொடுத்தேன்.

அரிசி மறுபடியும் சனிக்கிழமை தீர்ந்தது. பிறகு வெள்ளிக்கிழமையே தீர்ந்தது. இவர் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"குக்கர் வாரதுக்கு முன்னாடி சனிக்கிழமை வரைக்கும் வந்துச்சு. இப்ப வெள்ளிக்கிழமையே எப்படித் தீருது?"

"கடைக்காரன் எடை குறைக்கான்."

"நானும் கூடத்தான நின்னேன்? ஏளா, உள்ளதச் சொல்லு. உங்க அம்மை வீட்டுக்கு அனுப்புதியா?"

வேறு நாளாக இருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். என் அம்மையைச் சொன்னதற்கு இவரை நாலு நாள் பட்டினி போட்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் இவர் இரக்கப்படுவார், தெரியும். இரக்கப்பட்டு மண்டியில் நாலு பேரிடம் சொல்லுவார், அதுவும் தெரியும். அந்த நாலு பேரில் இரண்டு பேர் அன்றைக்குச் சீனித்தாயைக் கூப்பிட்டுப் பேசிய பெரியவர்கள். "ஆமா, கொஞ்சம் அனுப்புனேன். அம்மைக்கு மேலுக்குச் சொகமில்ல" என்று தலையைக் குனிந்தேன். அன்றிலிருந்து இவர் அரிசியைத் தானே அளந்து போட்டார். நான் வடிக்கிறபோது காரணமில்லாமல் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று என் கையைப் பார்த்தார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளைப் புருஷன் சந்தேகப்படுகிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் தட்டில் குறைத்துச் சட்டியில் போட்டேன்.

இப்படியே இரண்டு மாசம் ஓடியது. கன்றைப் பற்றி நானும் அவளும் தினமும் பேசினோம். அதற்குக் கொம்பு முளைத்தது, கழிச்சல் வந்தது, கழிச்சல் நின்றது. நான் கேட்பேன், அவள் சொல்லுவாள். இரண்டு பேருக்கும் அது பழகிப் போய்விட்டது. பழகிப் போனதால்தான் அந்தத் தப்பும் நடந்தது. ஒரு புதன்கிழமை, கஞ்சியை ஊற்றிக்கொண்டே, பானையில் அன்று கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்ற நினைப்பில் கேட்டுவிட்டேன்.

"ரெண்டுக்கும் போதுமாளா?"

சட்டியைப் பிடித்திருந்த அவள் கை அசையாமல் நின்றது. கன்று ஒன்றுதானே! இத்தனை நாளும் ஒன்று என்றுதானே பேசினோம்! அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பானையைப் பார்த்தேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும். நாள் முழுக்க ஓயாத என் வாய், அப்போது பார்த்து அடைத்துக்கொண்டது.

"போதும் மைனி" என்றாள். சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவ்வளவுதான், இனி வர மாட்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவாளோ? பயத்தில் தானே கொண்டு போய் மடத்தில் விட்டுவிடுவாளோ? இரண்டு மாசம் கட்டிக் காத்ததை ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் எட்டு மணிக்கே பானையை ஏற்றினேன். ஒன்பதரைக்கு வடித்து, உப்புப் போட்டுக் கலக்கி வைத்தேன். பத்து அடித்தது. பின்வாசலில் யாரும் இல்லை. பத்தே கால். கஞ்சியின் மேல் ஆடை படிந்தது. பத்தரைக்கு நானே பானையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குப் போய்விடலாமா என்று எழுந்தேன். போனால் தெருவே பார்க்கும் என்று உட்கார்ந்தேன்.

நிழல் தட்டியது. சீனித்தாய் நின்றாள். கண் ரெண்டும் வீங்கியிருந்தது. கையில் சட்டி இருந்தது. கன்று எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பேனே, அதை அன்று கேட்கவில்லை. கஞ்சியை ஊற்றினேன். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னளா?" என்றேன்.

"நாளையிலேர்ந்து உப்பக் கொஞ்சம் கம்மியாப் போடுங்க மைனி" என்றாள். "சின்னவ கரிக்கிங்கா."

"சரிளா" என்றேன்.